நான் வாங்கிக் கொடுத்த கையெழுத்துகள்

ஆத்தா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு நேரம் பேசினாய். நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். "என்னப்பா, தூக்கம் வருதா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். தூக்கமெல்லாம் இல்லை. உங்கள் கம்பெனியில் ஒரு பிரிவையே எடுத்துவிடப் போகிறார்கள், முப்பத்தொரு பேர் என்றாய். "நோட்டீஸ் குடுத்து அனுப்பினா ஆயிரம் கேள்வி வரும்ப்பா. அதனால அவங்களாவே ரிசைன் பண்ற மாதிரி லெட்டர் ரெடி பண்ணியாச்சு. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டு நான்தான் கையெழுத்து வாங்கணும். எச்.ஆர்.ல எம்மேலதான் எல்லாருக்கும் நம்பிக்கை இருக்குல்ல, அதான் என்னைப் போட்டிருக்காங்க" என்றாய். கடைசியில், "என் வேலைக்கு ஒண்ணுமில்ல, நீங்க பயப்படாதீங்க" என்றும் சொன்னாய். அதை நான் முன்னால் ஒரு தடவை வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். வரவில்லை. உன் அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் எனக்குப் பேச்சே பழக்கம் விட்டுப்போயிற்று. காலையில் பால் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை, கரண்ட் போனால் பக்கத்து வீட்டில் "உங்களுக்குமா?" என்று ஒரு வார்த்தை. அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அதனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு தாள் எழுதிக் கிழித்தாயிற்று. இது மூன்றாவது. இதையும் கிழித்தால் திங்கட்கிழமை வந்துவிடும்.

நான் நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று வருகைப் பதிவு எழுதுகிற வேலை. மில்லை விற்றுவிட்டார்கள், அதனால் வேலை போயிற்று என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதிதான். மீதியை உன் அம்மாவும் நானும் உன்னிடம் சொன்னதில்லை. எங்களுக்குள்ளேகூடப் பேசிக்கொண்டதில்லை.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. கோன் வைண்டிங் என்று ஒரு பிரிவு, நூலைக் கோனில் சுற்றுகிற இடம். அங்கே இருபத்தாறு பெண்கள் வேலை பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேர் அல்லிநகரத்தில் நம் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருந்தவர்கள். அவர்களுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பது, பி.எப். பாரம் நிரப்புவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு எழுதுவது எல்லாம் நான்தான். "டைமாபீஸ் அண்ணே" என்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைப்பானேன். அந்த வருஷம் தானே சுற்றுகிற மெஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் போதும். அந்த ஆறு பேரையும் வெளியூரிலிருந்து காண்ட்ராக்டில் கொண்டுவரப் போகிறார்கள் என்று ஆபீசுக்குள் இருந்த எனக்கு முன்னாலேயே தெரியும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டைப் செய்த தாள்கள் மேஜையில் இருந்தன. "நீங்க சொன்னா கேப்பாக. நீங்களே போய் வாங்கிருங்க. ஒங்க வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். நான் தாளைப் படித்தேன். என் குடும்ப சூழ்நிலை காரணமாக என் சுய விருப்பத்தின் பேரில் வேலையை ராஜினாமா செய்கிறேன், நிர்வாகத்தின் மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. படிக்காமல் வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, ஆத்தா. டைம் ஆபீஸ் அலமாரியில் சட்டப் புத்தகம் ஒன்று கிடந்தது. சும்மா இருக்கும் நேரங்களில் புரட்டியிருக்கிறேன். ஆள் அதிகம் என்று நிர்வாகம் வேலையை விட்டு எடுத்தால் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுக்க வேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், பிறகு ஆள் எடுத்தால் இவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. தானாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதில் ஒன்றும் கிடையாது. எனக்கு இது தெரியும். தெரிந்துதான் தாள்களைக் கையில் எடுத்தேன்.

கேண்டீனில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தேன். ஸ்டாம்ப் பேடும் வைத்திருந்தேன், கைநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். முதலில் வந்த பெண், "இதுல என்னண்ணே எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லத்தா. வேலைய விட்டதுக்கு ஒரு சீட்டு. போட்டாத்தான் கவர் கைக்கு வரும்" என்றேன். கவரில் இருந்தது கிராஜுவிட்டி. எப்படிப் போனாலும் சட்டப்படி வரவேண்டியது. அதைப் பெரிய உபகாரம் மாதிரி அங்கே வைத்துக் கொடுத்தார்கள். முதல் பெண்ணிடம் சொல்லும்போது என் நாக்கு கொஞ்சம் இழுத்தது. ஐந்தாவது ஆளுக்கு இழுக்கவில்லை. பத்தாவது ஆளுக்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. அண்ணன் பார்த்துத்தானே கொடுக்கிறார் என்று வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போனார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் உட்கார்ந்து படித்தாள். பதினெட்டு வருஷ சர்வீஸ் அவளுக்கு. எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சுய விருப்பத்தின் பேரில்னு போட்டிருக்கே. யாரு விருப்பம்ணே இது? நான் எங்க விருப்பப்பட்டேன்?" என்றாள். நான் அடுத்த தாளை எடுத்து வைத்தேன். "இந்தத் தாளுக்கு ஒரு காப்பி குடுங்க. வீட்டுல கொண்டுபோய்ப் படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள். காப்பி கொடுக்கக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். தாளை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவளைக் கேட்டில் விடவில்லை. திரும்பிப் போய்விடுவாள் என்று பார்த்தோம். போகவில்லை. ஷிப்டு தொடங்குகிற நேரத்துக்குச் சோற்றுத்தூக்கோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அடுத்த நாளும் வந்தாள். இப்படிப் பதினோரு நாள். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து கேட் நன்றாகத் தெரியும். அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். மேனேஜர் சொன்னார், எழுதினேன். சொல்லாமல் வராதவள், அவளாகவே வேலையை விட்டுவிட்டாள் என்று ஆக்குவதற்கு அது தேவைப்பட்டது. கையெழுத்து வாங்கியதைக்கூட என்னால் ஒருவிதமாக நினைத்துப் பார்க்க முடிகிறது. வந்து வெயிலில் நிற்கிறவளை வரவில்லை என்று எழுதியதை இன்றைக்கும் அப்படி நினைக்க முடியவில்லை.

அவள் தேனியில் லேபர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். அங்கே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசினார்கள். மில் இறங்கி வரவில்லை. கேஸ் மதுரை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது ஒருநாள் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நான் கேட்டுல நின்னேனா இல்லையா? அத மட்டும் வந்து சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். நான் "பாப்போம்" என்றேன். அடுப்படிக் கதவருகே உன் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்தா அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதுரை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் எதிர்த்திசையில் போகும் கம்பம் பஸ்ஸில் ஏறினேன். கம்பத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மார்க்கெட்டில் திராட்சைப் பெட்டி ஏற்றுகிறவர்களை வேடிக்கை பார்த்தேன். கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றின் டிரைவர் "கேறுன்னோ சேட்டா?" என்று மலையாளத்தில் கேட்டான், ஏறவில்லை என்று தலையாட்டினேன். மூன்று டீ குடித்தேன். அத்தனை கூட்டத்தில் ஒரு தெரிந்த முகம் எதிரே வந்துவிடக்கூடாது என்று மட்டும் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா, "மதுரைக்குப் போனீகளா?" என்று கேட்டாள். நான் கால் கழுவப் போய்விட்டேன். சோறு போட்டாள். போட்டுவிட்டு, "அவ ஒத்தையாப் போயிருப்பா" என்றாள். அவ்வளவுதான். வாழ்நாளில் அவள் அதைப் பற்றிப் பேசிய ஒரே பேச்சு அது.

கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் பேச்சியம்மாள் ஜெயித்தாள். கேட்டில் நின்ற ஒவ்வொரு நாளும், "இன்று வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று மில்லுக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறாள். வக்கீல் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். தபாலை வாங்கிக்கொண்டதற்கு மில் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்த பதினோரு ஒப்புகை அட்டைகள் அவளிடம் இருந்தன. நான் எழுதிய பதிவேட்டை அந்த அட்டைகள் பொய்யாக்கின. மில் கைமாறிப் போனதால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நஷ்ட ஈடும் சம்பள பாக்கியில் ஒரு பகுதியும் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட இருபத்தைந்து பேருக்கு எதுவும் இல்லை. கேஸ் முடிவதற்கு முன்பே, மறு வருஷம் மில்லை விற்றபோது எனக்கும் அதே தாள் வந்தது, ஒரு எழுத்து மாறாமல். என் வேலைக்குப் பொறுப்பு என்று சொன்னவர்தான் நீட்டினார். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டேன். எந்த முகத்தோடு கேட்பது? அதன்பிறகுதான் உரக்கடையில் கணக்கு எழுதப் போனேன்.

நாம் ஏன் அல்லிநகரத்து வீட்டை விட்டு வந்தோம் என்று நீ சின்ன வயதில் அடிக்கடி கேட்பாய். ஸ்கூலுக்குப் பக்கம் என்று சொல்வேன். உன் அம்மா நம் தெருக் குழாயை விட்டுவிட்டு மூன்று தெரு தள்ளிப்போய் தண்ணீர் பிடித்தாள், அதுதான் காரணம். யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான். அந்த வீடுகளில் எத்தனையோ கல்யாணம் நடந்தது, ஒரு பத்திரிகை நம் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? உன் அம்மா காரியத்தன்று பந்தலில் ஆண்கள் பக்கம் போட்டிருந்த நாற்காலிகள் பாதி காலியாகக் கிடந்ததை நீயும் பார்த்தாய். "அப்பாவுக்கு பிரண்ட்ஸே இல்லையா?" என்று உன் வீட்டுக்காரர் உன்னிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

நீ எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது லீவுக்கு வந்து என்னிடம் புத்தகத்தைக் கொடுத்து, "கேள்வி கேளுங்கப்பா, நான் சொல்றேன்" என்பாய். ஆட்குறைப்பு பற்றிய பாடம் ஒருநாள் வந்தது. நான் கேட்டேன், நீ மடமடவென்று சொன்னாய். நோட்டீஸ், அரை மாதச் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருந்தாலும் அவர் தொழிலாளியா இல்லையா என்பதற்கு அவர் செய்கிற வேலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "கட்டாயப்படுத்தி வாங்கின ராஜினாமா செல்லாதுப்பா, ஆனா கட்டாயப்படுத்தினாங்கன்னு நிரூபிக்கிறதுதான் கஷ்டம்" என்றாய். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என் மகள் இதையெல்லாம் படித்து அவர்கள் பக்கம் நிற்கப் போகிறாள், என் கணக்கு நேராகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, குச்சனூர் போனேன். பேச்சியம்மாள் அங்கே கோயில் பக்கம் எள் விளக்குக் கடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும், நேற்று தெருவே காலியாக இருந்தது. எள்ளைத் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "டைமாபீஸ் அண்ணனா? ஒக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்தினாள். "எம் மகளுக்கு ஒரு சங்கடம்" என்று ஆரம்பித்து நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். முடிச்சுப் போடுவதை நிறுத்தாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையுமா?" என்றாள். அந்த "உம்" என்மேல் வந்து விழுந்தது.

"அன்னைக்கு நான் மதுரைக்கு வரல, பேச்சி" என்றேன். இத்தனை வருஷம் கழித்து என் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

"வரலன்னு தெரியுமே. நாந்தான அங்கன ஒக்காந்திருந்தேன்" என்றாள். அடுத்த முடிச்சைப் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள். "நீங்க வந்திருந்தாலும் வராட்டியும் தீர்ப்பு அதேதாண்ணே. அட்டைய வச்சு வக்கீலு ஜெயிச்சாரு. ஆனா எதிர்ப்பக்கம் மேனேஜரு, அவுக வக்கீலு, இன்னும் ரெண்டு ஆளு. இந்தப் பக்கம் நானும் என் தூக்குச்சட்டியும். அதத்தான் மறக்க முடியல. அப்புறம் ஒங்க வீட்டம்மா வர ஆரம்பிச்சாக, கொஞ்சம் தேவலையா இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. "எங்க வந்தா?" என்றேன்.

"மதுரைக்குத்தான். மூணு வாய்தா வந்தாக. சாட்சி சொல்லவெல்லாம் இல்ல, பக்கத்துல ஒக்காந்திருந்தாக. திரும்பி வாரப்ப, ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள மணி என்னன்னு நாலு தடவை கேப்பாக, நீங்க வீட்டுக்கு வந்துருவீகளேன்னு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை, ஆத்தா. உசிலம்பட்டியில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். நானும் "போயிட்டு வா" என்று பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுப்பேன். நான் போயிருக்க வேண்டிய இடத்துக்கு அவள் போயிருக்கிறாள். அதை என்னிடம் சொல்ல முடியாது என்று முடிவு செய்து, அதோடேயே என்னுடன் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள், எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறாள். அவள் இறந்தபிறகுதான் இந்த வீட்டில் தனியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. நான் கம்பம் பஸ்ஸில் ஏறிய அன்றைக்கே தனியாகிவிட்டேன். கூட ஒரு மனுஷி இருந்ததால் தெரியாமல் போயிருக்கிறது.

"மன்னிச்சுரு" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். "எனக்கென்ன, நான் ஜெயிச்சவ. மத்த இருவத்தஞ்சு பேருகிட்டப் போயில்ல கேக்கணும்" என்றாள். அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கிளம்பும்போது கூப்பிட்டாள். "ஒங்க மககிட்ட ஒண்ணு சொல்லுங்க. காயிதத்த அவுகவுக வீட்டுக்குக் கொண்டுபோக விடச் சொல்லுங்க. ரெண்டு நாளு வச்சுப் படிக்கட்டும், நாலு பேரக் கேக்கட்டும். எங்களுக்கு அது கெடைக்கல" என்றாள்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சட்டம் இப்போது வேறு பெயரில் மாறியிருப்பதாகப் பேப்பரில் படித்தேன். விவரம் உனக்குத்தான் தெரியும். ராஜினாமா வேண்டாம், முறைப்படி நோட்டீசும் நஷ்ட ஈடும் கொடுத்து அனுப்புங்கள் என்று உன் மேலதிகாரிக்கு நீயே எழுது. வாயால் சொல்லாதே, எழுது, ஒரு நகல் வைத்துக்கொள். அவர்கள் கேட்காமல் போகலாம். அப்போது அந்த ரூமில் நீ உட்காரவே வேண்டாம் என்பேன். உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், இதில் கையெழுத்துப் போட்டால் எதெல்லாம் கிடைக்காமல் போகும், போடாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு உட்கார். இதற்காக முப்பத்திரண்டாவது பெயராக உன் பெயரைச் சேர்த்துவிடுவார்களோ என்று நீ பயப்படுவாய். சேர்க்கலாம். வீட்டுக் கடன் ஓடுகிறது, பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. நான் பயந்தேன், அதனால் உன்னைப் பயப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பயந்து காப்பாற்றிய வேலை எனக்கு ஒரு வருஷம் நின்றது. அந்த ஒரு வருஷத்துக்காக நான் கொடுத்ததை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வேலைக்கே ஏதாவது வந்தால் என்னிடம் மறைக்காதே. சென்னையில் லேபர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, சட்டம் பேசவும் தெரியாது, காதும் முன்னே மாதிரி கேட்கவில்லை. ஆனால் எந்தத் தேதி என்று மட்டும் சொல். முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். எத்தனை வாய்தா ஆனாலும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பு இருக்கிறது.

அப்பா